சிறு விமான எந்திரமும் அதன் எரிபற்றற் கோளாறுகளும்

மோட்டார் வண்டியொன்று வழியில் நின்றுவிட்டால் அதனைத் தெருவோரத்திற்குத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து பார்க்கலாம். தொழில் தெரிந்தவர் எவரேனும் அவ்வழியே வருமட்டும் மரநிழலிற் காத்திருக்கவுஞ் செய்யலாம். ஒற்றை எந்திரம் பூண்ட சிறு விமானத்தில் ஏறியவருக்கு இவ்வசதி கிடையாது. ஆதலினாலே, அவ்வெந்திரத்தை ஆக்கியோர் அதன் அமைப்புக்களுள் ஒன்றினை முற்றிலும் இரட்டையாகவே வைத்துவிட்டனர். பெற்றோலைக் காற்றோடு கலக்குங் கருவி ஒன்றே, எண்ணெயைச் செலுத்தும் பம்பியும் ஒன்றே, விசிறியும் ஒன்றே. கலவைக்குத் தீமூட்டும் எரிபற்றல் அமைப்பு மாத்திரம் இரண்டு.

எந்திரத்தின் ஒவ்வோர் உருளையிலும் இரண்டு பிளக்குகள் உள. அவற்றுள் ஒன்றுக்கு ஒரு மக்னீற்றோவும், மற்றையதற்கு இன்னொரு மக்னீற்றோவும் மின்னை வழங்குகின்றன. ஒன்று பழுதுற்றாலும் மற்றையது எந்திரத்தை இயக்கிக்கொண்டிருக்கும். இது பலரும் அறிந்த நன்மை. பலர் எண்ணிப்பாராத நன்மை இன்னொன்றுண்டு. ஆய்வுகூடத்திலே ஒரு பரிசோதனையைச் செய்யும்போது, மாறுதலுக்கு உட்படுத்திய பொருளின் பக்கத்தில் மாறுதலின்றி விட்ட இன்னொன்றையும் வைத்து ஒப்பிடுதல் வேண்டும் என்று ஆசிரியர் கற்பிப்பர். விமான எந்திரத்தில் அத்தகைய ஒப்பீடு என்றும் ஆயத்தமாகவே இருக்கின்றது. உருளை அதுவே, முசலம் அதுவே, கலவையும் அதுவே. தீமூட்டுவது மட்டும் வேறு. ஆகவே, ஸ்பனரைக் கையில் எடுக்குமுன் ஓர் ஆளியைத் திருப்பி எந்திரத்தை வினாவலாம். அது தரும் விடையைக்கொண்டு கோளாறின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். அவ்விடைகளை வாசிக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாக, இரத்மலானையில் விமானமோட்டப் பழகுவோர் ஏறும் வகைகளுள் ஒன்றாகிய செஸ்னா 152 விமானத்தையும், அதன் நான்குருளை லைக்கொமிங் எந்திரத்தையும் கொள்வோம். 1977 தொடக்கம் 1985 வரை ஆக்கப்பட்ட இவ்விமானங்கள் இன்றும் பல நாடுகளிற் பழகுநரைச் சுமந்து திரிகின்றன.

மக்னீற்றோ என்பது மின்கலத்தின் துணையின்றித் தானே மின்னைப் பிறப்பிக்குங் கருவி. 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. எந்திரத்தாற் சுழற்றப்படும் நிலைக்காந்தம் ஒன்று, மெல்லிரும்புச் சட்டத்தினூடாகச் செல்லுங் காந்தப்பாயத்தை இடையறாது மாற்றிக்கொண்டிருக்கின்றது. அச்சட்டத்தின்மேல் தடித்த கம்பியாலான முதற்சுருளும், அதன்மேல் மயிரிழை போன்ற கம்பியாற் பல்லாயிரஞ் சுற்றுக்கள் சுற்றிய துணைச்சுருளும் உள. முதற்சுருளில் மின் ஓடிக்கொண்டிருக்குந் தருணத்தில் இரண்டு தொடுகைமுனைகள் சட்டென விலகுகின்றன. ஓட்டம் அறுகின்றது, பாயம் சரிகின்றது, துணைச்சுருளில் 10,000 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகின்றது. விலகும் முனைகளிடையே பொறி பாய்ந்து ஆற்றல் வீணாகாதவாறு ஒடுக்கி ஒன்று காக்கின்றது. எழுந்த மின்னை 1, 3, 2, 4 என்னும் வரிசையில் உருளைகளுக்கு அனுப்புவது பங்கீட்டுக் கை எனப்படும் உறுப்பின் தொழில்.

இவையெல்லாம் நிகழும் வேகத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. எந்திரம் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு மக்னீற்றோவும் செக்கனுக்கு 80 பொறிகளைத் தருதல் வேண்டும். முசலம் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி பாய்தல் வேண்டும். லைக்கொமிங் எந்திரங்கள் பலவற்றில் இது கிராங்குத் தண்டின் 20 அல்லது 25 பாகை ஆகும். 20 பாகை எனக் கொள்ளின், ஒரு செக்கனை ஆயிரங் கூறிட்டால் ஒன்றரைக் கூறிலுங் குறைந்த நேரமே அது. அச்சிறு நேரத்திற் பிழை நேர்ந்தால் அதனை விமானி தன் இருக்கையின் நடுக்கத்தில் உணர்வார்.

மாணவர் ஈண்டு ஒன்றினை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். வீட்டு விளக்கின் ஆளியை மூடினால் மின் பாயும், திறந்தால் நிற்கும். மக்னீற்றோவின் ஆளி இதற்கு நேர்மாறானது. முதற்சுருளிலிருந்து வருங் கம்பி ஒன்றை எந்திரத்தின் உடலோடு இணைத்து, அஃதாவது புவித்தொடுத்து, மக்னீற்றோவை ஊமையாக்குவதே ஆளியின் 'நிறுத்து' என்னும் நிலை. அக்கம்பி எங்கேனும் அறுந்துபோயின் ஆளியை எப்படித் திருப்பினாலும் மக்னீற்றோ ஊமையாகாது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இனி, வினாவும் முறை. ஓடுபாதையில் ஏறுமுன் விமானி எந்திரத்தை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் நிறுத்தி, இரு மக்னீற்றோக்களும் இயங்கும் நிலையிலிருந்து ஆளியின் திறப்பை ஒருமுறை வலப்பக்க மக்னீற்றோவுக்கும், மீண்டும் இரண்டுக்குமாகித் தெளிந்தபின் இடப்பக்க மக்னீற்றோவுக்குந் திருப்புவார். ஒவ்வொரு முறையுஞ் சுற்றுமானியின் முள் சிறிது கீழிறங்கும். இறக்கம் 125 சுற்றுக்கு மேற்படலாகாது. இரண்டு இறக்கங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 50 சுற்றுக்கு மேற்படலாகாது. இவை செஸ்னா 152 இன் கைந்நூல் விதிக்கும் எல்லைகள். வேறு விமானங்களுக்கு வேறு எண்கள் உண்டு.

முள் ஏன் இறங்குகின்றது? இதனை அறியாது எண்களை மனப்பாடஞ் செய்வதாற் பயனில்லை. இரண்டு பிளக்குகளும் பொறி தரும்போது சுவாலை உருளையின் இரு பக்கங்களிலிருந்தும் புறப்பட்டு நடுவிற் சந்திக்கின்றது. ஒன்று மட்டும் பொறி தந்தால் அச்சுவாலை உருளையின் அகலம் முழுவதையுந் தானே கடத்தல் வேண்டும். எரிதல் பிந்துகின்றது, அமுக்கம் உச்சத்தை அடைவதும் பிந்துகின்றது, வலு குறைகின்றது. எரிதல் பிந்துவதால் வெளியேறும் வாயு முன்னிலும் வெப்பங் கூடியதாகப் போகும். ஆகவே, அளவான இறக்கம் நோயன்று; ஒரு மக்னீற்றோ உண்மையாகவே ஊமையாயிற்று, மற்றையது தனித்து வேலை செய்கின்றது என்பதற்கு அதுவே சான்று. முள் சிறிதும் அசையாதிருந்தால், "எந்திரம் எவ்வளவு நன்றாயிருக்கின்றது" என மகிழும் பழகுநர் சிலர் உளர். உண்மையில் ஐயுற வேண்டிய நிலை அது. இறக்கம் வழக்கத்திலும் மிகக் குறைந்திருப்பதும் அத்தகையதே. பொறி உரிய பாகைக்கு முன்னரே பாய்கின்றதோ என ஆராய்தல் வேண்டும். முந்திய பொறி உருளைக்குக் கேடு.

இறக்கம் மிகுந்திருப்பின், எவ்வளவு என்பதோடு எவ்வாறு என்பதையுங் கவனித்தல் வேண்டும். முள் சடுதியாக விழுந்து எந்திரமுங் குலுங்குமாயின், ஏதோ ஓர் உருளையிற் பொறியே இல்லை. நான்கு பேர் சுமக்குஞ் சுமையை மூவர் சுமப்பது போன்ற நிலை அது. பிளக்கையோ அதற்குச் செல்லுங் கம்பியையோ ஐயுறுக. முள் மெதுவாக இறங்கி, குலுக்கமின்றி வழக்கத்திலுங் கீழே நிற்குமாயின், முதலிற் கலவையை ஐயுறுக. பெற்றோல் மிகுந்த கலவையும் மிகக் குறைந்த கலவையும் மெதுவாகவே எரிவன. ஒற்றைப் பொறியில் இக்குறை பெரிதாகத் தோன்றும். கலவையைத் திருத்தி மீண்டுஞ் சோதித்தும், ஒரு மக்னீற்றோவில் மாத்திரம் அவ்விறக்கம் மாறாதிருப்பின், அம்மக்னீற்றோவின் நேரம் பிந்தியிருக்கலாம்.

இரண்டிலும் ஒரே வகைக் குலுக்கம் இருந்தாலோ? இரு மக்னீற்றோக்களுக்கும் பொதுவான உறுப்புக்கள் மிகச் சில. அவை இரண்டும் ஒரே நாளில், ஒரே வகையில், ஒரே உருளைக்குத் துரோகஞ் செய்தல் அரிது. ஆகவே, எரிபற்றலை விட்டு வேறிடத்தில் தேடுக: வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், பெற்றோலில் நீர் கலந்திருக்கலாம், காபரேற்றரிற் பனிக்கட்டி படிந்திருக்கலாம். எமது வெப்ப நாட்டிற் பனிக்கட்டியா என நகைப்போர் உளர். பெற்றோல் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. ஈரப்பதன் மிகுந்த காற்றாயின் 25 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் காபரேற்றரின் தொண்டையிற் பனிக்கட்டி உண்டாகும். குற்றமற்ற பிளக்குகள் பல இக்காரணத்தாற் கழற்றப்படுகின்றன.

இப்போது ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக்கொள்வோம். இடப்பக்க மக்னீற்றோவில் இறக்கம் 80. வலப்பக்கத்தில் 300, குலுக்கத்தோடு. விமானி என் செய்வார்? முதலில் ஐயுறத்தக்கது ஈயம். இவ்வெந்திரங்கள் பருகும் நீலநிறப் பெற்றோலின் பெயர் குறை ஈயப் பெற்றோல். பெயர் அவ்வாறிருப்பினும், லீற்றர் ஒன்றில் 0.56 கிராம் வரை ஈயம் அதில் இருக்கலாம். எரிந்த ஈயத்தை ஆவியாக்கி வெளியே கொண்டுசெல்லப் புரோமீன் சேர்ந்த பொருளொன்றும் அதிற் கலக்கப்பட்டுள்ளது. ஆயின் பிளக்கின் நுனி போதிய சூடேறாவிடின் அப்பொருள் தன் வேலையைச் செய்யாது. நிலத்தில் நீண்டநேரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தில், சிறப்பாகக் கீழ்ப்பக்கப் பிளக்குகளில், சாம்பல்நிற ஈயமணிகள் திரண்டு இடைவெளியை அடைத்துவிடும். பொறி பாயவேண்டிய இடத்தில் மின் வழுக்கிச் சென்றுவிடும். விமானி எந்திரத்தை நிமிடத்துக்கு 1,800 தொடக்கம் 2,000 சுற்றுவரை உயர்த்தி, கலவையிற் பெற்றோலைக் குறைத்துச் சிறிது நேரம் ஓடவிட்டால் நுனி சூடேறிப் படிவு எரிந்துபோதல் கூடும். பின்னர் மீண்டுஞ் சோதிப்பார். இறக்கம் எல்லைக்குள் வந்தால் பறக்கலாம். வராவிடின் திரும்புதல் வேண்டும். இரண்டாவது மக்னீற்றோ நலமாகத்தானே இருக்கின்றது என்று எழும்புவது, உதவிக்கென வைத்ததை முதலிலேயே செலவழிப்பதாகும்.

திருத்துநரிடம் வந்தாயிற்று. நான்கு உருளைகளுள் எது? ஒவ்வோர் உருளைக்கும் வெப்பமானி பூட்டிய விமானமாயின் விடை எளிது: வலப்பக்க மக்னீற்றோவில் ஓடும்போது எவ்வுருளையின் வெளியேறு வாயு குளிர்கின்றதோ அதுவே. அக்கருவி இல்லாவிடிற் பழைய முறை ஒன்று உண்டு. ஆறிய எந்திரத்தைக் குற்றமுள்ள மக்னீற்றோவில் மட்டுஞ் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வோர் உருளையின் வெளியேற்று குழாயிலுஞ் சிறுதுளி நீரைத் தெளித்துப் பார்ப்பர். மூன்றில் நீர் சீறி மறையும், ஒன்றில் வாளாவிருக்கும். கையாற் றொட்டுப் பார்க்க முனைவோர் அன்றைய தினம் வேறு வேலை செய்யார். பல எந்திரங்களில் ஒரு மக்னீற்றோ ஒரு பக்கத்து மேற்பிளக்குகளுக்கும் மறுபக்கத்துக் கீழ்ப்பிளக்குகளுக்கும் மின் வழங்குவதால், எந்தப் பிளக்கு என்பதைக் கம்பியைத் தொடர்ந்து சென்றே உறுதிசெய்தல் வேண்டும்.

பிளக்குக் கிடைத்ததும் அதனை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவது செலவு மிகுந்த வழி, அறிவும் வளராது. அதனை நலமுள்ள இன்னோர் உருளையின் பிளக்கோடு இடம் மாற்றி மீண்டும் ஓட்டிப் பார்க்க. குற்றம் பிளக்கோடு கூடிச் சென்றால் பிளக்கே குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றுவிட்டாற் கம்பியை அல்லது மக்னீற்றோவைப் பார்த்தல் வேண்டும். இவ்வொரு மாற்றம் நூல்களிற் காணும் நீண்ட அட்டவணைகளுட் பாதியைத் தேவையற்றதாக்கிவிடும் என்பது எமது கருத்து.

கழற்றிய பிளக்கின் முகம் ஒரு சரித்திரம். இளங் கபிலநிறமும் சாம்பல்நிறமும் நலத்தின் அறிகுறி. கரும்புகை படிந்திருந்தாற் கலவையிற் பெற்றோல் மிகுதி. எண்ணெயில் நனைந்திருந்தால் முசல வளையங்களோ வால்வுக் குழலோ தேய்ந்திருக்கலாம். அவ்விடத்துப் பிளக்கை எத்தனை முறை மாற்றினும் அது மீண்டும் நனையும். ஈயமணிகளை அதிரும் ஊசிக் கருவியால் எடுத்து, இடைவெளியை 0.016 தொடக்கம் 0.021 அங்குலத்துள் அமைப்பர். உள்ளேயுள்ள தடையை ஓம் மானியால் அளத்தல் பலரால் மறக்கப்படுகின்றது. அது 5,000 ஓமுக்கு மேற்பட்டாற் பிளக்குக் கண்ணுக்கு எவ்வளவு அழகாயிருப்பினும் ஒதுக்கத்தக்கதே. நிலத்தில் விழுந்த பிளக்கையும் ஒதுக்குதல் வேண்டும். அதன் பீங்கான் காவலியில் வெளித்தெரியாத வெடிப்பு ஏற்பட்டிருத்தல் கூடும். அவ்வெடிப்பு, உருளையின் அமுக்கத்தில், வானில் வைத்தே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கம்பியின் குற்றங்கள் உராய்வாலும் ஈரத்தாலும் வருவன. இக்கம்பிகள் உலோகக் கவசம் பூண்டவை. கவசம் பழுதானால் விமானியின் காதிலே வானொலி படபடக்கும். கடற்காற்று வீசும் எமது விமான நிலையங்களில் கம்பியின் முனைகளை உலர்ந்த, தூய துணியால் துடைத்துப் பூட்டுவது சிறுவேலை எனத் தோன்றினும் அதன் பயன் பெரிது.

மக்னீற்றோவின் உட்குற்றங்கள் வேறு தன்மையன. தொடுகைமுனைகள் அரிக்கப்பட அரிக்கப்பட அவை முந்தித் திறக்கும். அவற்றைத் தள்ளும் நார்க்கட்டை தேயத் தேய அவை பிந்தித் திறக்கும். இரண்டு தேய்வுகளும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்து சில காலம் ஏமாற்றுவதும் உண்டு. ஆகையினாலே, குறையொன்றுந் தோன்றாவிடினும் 500 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மக்னீற்றோவைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. எல்லாவற்றிலும் பொறுமையைச் சோதிப்பது சுருளின் வெப்பக் குற்றம். எந்திரம் குளிர்ந்திருக்கும்போது சோதனை குற்றமறத் தேறும். இருபது நிமிடம் பறந்தபின் குலுங்கத் தொடங்கும். இறங்கி, மூடியைத் திறந்து, ஆறியபின் சோதித்தால் மீண்டுந் தேறும். சூட்டினால் விரிந்த கம்பியின் காவல் உடைவதே காரணம். விமானியின் சொல்லைத் திருத்துநர் நம்பாமலும், திருத்துநரின் திறமையை விமானி நம்பாமலும் மனத்தாங்கல் உண்டாவது இங்கேதான். நோய் எந்நிலையில் தோன்றியதோ அந்நிலையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும்: பறந்து வந்த சூடு ஆறுமுன் மக்னீற்றோச் சோதனையைச் செய்து எண்களைக் குறித்துக்கொள்க.

வானிலே திடீரென எந்திரம் குலுங்கினால், கலவையையும் காபரேற்றரின் வெப்பத்தையுஞ் சரிபார்த்தபின், ஆளியை இடத்துக்கும் வலத்துக்கும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பர். ஒன்றிற் சீராக ஓடினால் அதிலேயே விட்டு அண்மையிலுள்ள நிலையத்தில் இறங்குதல் முறை. இரண்டும் இயங்கினாற் பாதுகாப்பு மிகுமே என எண்ணலாம். ஆயின் பங்கீட்டுப் பற்சில்லு வழுக்கிய மக்னீற்றோ, பொறியைத் தகாத உருளைக்குத் தகாத நேரத்தில் அனுப்பும். ஊமையான மக்னீற்றோவிலும் பிதற்றும் மக்னீற்றோ கொடியது.

எந்திரத்தைத் தொடக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடக்கும் மோட்டார் எந்திரத்தை மெதுவாகவே சுழற்றும். அவ்வேகத்தில் மக்னீற்றோ நல்ல பொறியைத் தராது. தந்தாலும் 20 பாகை முந்திய பொறி விசிறியைப் பின்னோக்கி உதைக்கும். இவ்விரு குறைகளையும் நீக்க, வில்லொன்று பொருந்திய இணைப்பு மக்னீற்றோவின் தண்டிற் பூட்டப்பட்டுள்ளது. அது காந்தத்தைச் சிறிது பிடித்து நிறுத்தி, முசலம் உச்சியை அண்மியதும் 'டக்' என்று விடுவிக்கும். காந்தம் விரைந்து திரும்ப, பொறி பிந்தியும் வலுவாகவும் எழும். விசிறி திரும்பும்போது அவ்வொலி கேட்கவில்லையாயின், எந்திரம் தொடங்காமைக்குக் காரணத்தைப் பிளக்கிலே தேடவேண்டியதில்லை.

இவ்விணைப்பினால் வரும் ஆபத்தொன்றும் உண்டு. விசிறியைக் கையால் மெதுவாகத் திருப்பினாலும் அவ்வில் காந்தத்தை வேகமாகவே வீசும்; அஃதாவது, நின்றிருக்கும் எந்திரத்திலும் முழு வலுப் பொறி எழும். மேலே கூறிய புவித்தொடுப்புக் கம்பி அறுந்திருந்து, உருளையிற் சிறிது பெற்றோல் ஆவியும் எஞ்சியிருந்தால், ஆளி 'நிறுத்து' நிலையில் இருக்கவும், திறப்பு விமானியின் சட்டைப் பையில் இருக்கவும் அவ்விசிறி சுழலும். விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளுவதற்காக விசிறியைப் பற்றியவர், அதன்மேற் சாய்ந்து நின்று உரையாடியவர் ஆகியோர் இவ்வாறு உயிரையும் உறுப்பையும் இழந்ததுண்டு. குற்றம் கம்பியில் மட்டுமன்றி ஆளிக்குள்ளும் இருத்தல் கூடும். சில வகை ஆளிகளை ஒழுங்காகச் சோதிக்குமாறு அமெரிக்க விமான அதிகாரிகள் 1976 இலேயே கட்டளையிட்டனர். சோதனையில் முள் அசையாது நிற்பதை ஐயுற வேண்டும் என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே.

ஆகவே, பறப்பு முடிந்தபின் இன்னொரு வினாவையுங் கேட்பது வழக்கம். எந்திரம் மிக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, விமானி திறப்பை ஒரு கணம் 'நிறுத்து' நிலைக்குத் திருப்பி, எந்திரம் அணையத் தொடங்கியதும் உடனே பழைய நிலைக்குக் கொணர்வார். பின்னர்ப் பெற்றோலை மறித்து எந்திரத்தை நிறுத்துவார். அதனால் உருளைகளில் எரிதற்குரியது எஞ்சாது. அவ்வொரு கணத்தில் எந்திரம் அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தால், ஏதோ ஒரு மக்னீற்றோ ஊமையாகவில்லை. பெற்றோலை மறித்து நிறுத்தியபின் அவ்விமானத்தின் விசிறியில் எச்சரிக்கைப் பலகை தொங்கவிடப்படும். திருத்துநர் வந்து கம்பியையும் ஆளியையும் ஆராயுமட்டும் எவரும் அதனைத் தொடமாட்டார்.